நான் வெட்டாமல் விட்ட பகிடி

என் மருமகன் றாஸிக் சிங்களத்தில் பகிடி சொல்லுகிற ஆள். அவனுடைய தொழில் அதுவல்ல. அம்பாறை டவுனில் ஒரு போன் கடையில் நிற்கிறான். மாதத்தில் ஒன்றிரண்டு நாள் மேடை ஏறி, மைக்கைப் பிடித்துக்கொண்டு தனியாக நின்று, வந்திருக்கிற சனத்தைச் சிரிக்க வைக்கிறான். நாடகமும் இல்லை, பாட்டும் இல்லை. இதைப் பார்க்க ஆட்கள் டிக்கட் எடுக்கிறார்கள் என்று முதலில் அவன் சொன்னபோது நான் நம்பவில்லை. எனக்குப் பொதுவாகவே எதையும் சட்டென்று நம்புகிற பழக்கம் இல்லை. மீன் வியாபாரத்தில் கிடந்தவன் ஐஸுக்குக் கீழே கையை விட்டுப் பார்க்காமல் பெட்டியை வாங்க மாட்டான்.

ஏன் தமிழில் சொல்வதில்லை என்று ஒரு நாள் கேட்டேன். கல்முனையில் இதற்கு மேடை இல்லை மாமா, என்றான். பிறகு, தமிழில் சொன்னால் பள்ளிவாசலுக்குப் பதில் சொல்ல வேண்டும், சிங்களத்தில் சொன்னால் பொலிசுக்குப் பதில் சொல்ல வேண்டும், பொலிசில் என்றால் இருக்கக் கதிரையாவது போடுவார்கள் என்றான். அதுவும் அவனுடைய பகிடிதான். நான் சிரிக்கவில்லை.

சிரிக்காததற்குக் காரணம் இருந்தது. ஈஸ்டர் குண்டு வெடித்த வருசம் என் ராத்தாவின் மகன் ஸிராஜைப் பொலிசில் கொண்டு போனார்கள். யாரோ அனுப்பிய ஒரு படத்தை அவன் போனில் இன்னொருவருக்கு அனுப்பியிருந்தான். படத்தில் அரபியில் என்ன எழுதியிருந்தது என்று அவனுக்கே தெரியாது. விட்டபோது அடுத்த நோன்பும் வந்துவிட்டது. இன்றைக்கும் யாராவது கேற்றைத் தட்டினால் அவன் எழும்பிப் பின்பக்கம் போய் நிற்கிறான். ஒரு படத்துக்கே இப்படி என்றால், ஆயிரம் பேருக்கு முன்னால் வாயைத் திறக்கிற மருமகனை வைத்துக்கொண்டு நான் எப்படிச் சிரிப்பது?

வீட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான். மகள் ஆகிலாவுக்கு வீட்டை எழுதிக் கொடுத்தோம். றாஸிக் மருதமுனையிலிருந்து அதில் வந்து இருந்தான். நானும் என் மனைவி றம்லாவும் அதே வளவில் பின்னால் இருக்கிற இரண்டு அறைக்கு ஒதுங்கினோம். குசினி மட்டும் எல்லாருக்கும் பொது.

றம்லா மருமகனின் முகத்துக்கு நேரே வர மாட்டாள். முந்திய காலத்து மாமிமார் எங்கள் ஊரில் எல்லாரும் அப்படித்தான். இப்போது இருக்கிறவர்கள் மருமகனின் மோட்டார் சைக்கிளில் ஏறிச் சந்தைக்குப் போகிறார்கள். இவள் மாறவில்லை. அதற்காகக் கதைக்காமலும் இருக்க மாட்டாள். குசினிக்கும் சாப்பாட்டு மேசைக்கும் நடுவில் ஒரு பிரிட்ஜ் நிற்கிறது. அவள் அதன் பக்கம் திரும்பி நின்று, முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு, “கறி உறைப்போ தெரியல்ல, உறைப்பெண்டா நாளைக்குக் குறைச்சிப் போடலாம்” என்பாள். மற்றப் பக்கத்தில் இருக்கிற றாஸிக் சோற்றுக் கோப்பையைப் பார்த்து, “உறைப்புக் கணக்காத்தான் இரிக்கி” என்பான். கலியாணம் முடிந்த நாளிலிருந்து இருவரும் கதைத்தது எல்லாம் இப்படித்தான். ஒருவரை ஒருவர் கண்ணால் பார்த்தது குறைவு. ஆனால் அவன் எந்த மீனில் எந்தத் துண்டைத் தின்பான் என்று அவளுக்குத் தெரிந்த அளவுக்கு என் மகளுக்குத் தெரியாது.

இப்படி இருக்கும்போது அம்பாறையில் ஒரு மண்டபத்தில் பெரிய நிகழ்ச்சி வந்தது. கொழும்புப் பெடியன்கள் ஒழுங்கு செய்தது. அதற்குக் கொஞ்சக் காலத்துக்கு முன்னால்தான் எங்கோ ஒரு மேடையில் பகிடி சொன்ன ஆளை, மதத்தை அவமதித்தார் என்று பிடித்து அடைத்திருந்தார்கள். அதனால் கொழும்புக்காரர்கள் பயந்துபோய், மேடையில் சொல்லப் போகிற ஒவ்வொரு வசனத்தையும் முதலிலேயே எழுதித் தரச் சொல்லிவிட்டார்கள். றாஸிக் எழுதிக் கொடுத்தான். பாதியை வெட்டித் திருப்பி அனுப்பினார்கள். மண்டபத்துக்குப் பொலிசும் வந்து இருக்கும் என்றும் சொல்லி அனுப்பினார்கள்.

நான் அவனுக்கு ஒன்றும் சொல்லவில்லை. லொறியில் நானே கொண்டு போய் விடுகிறேன் என்று மட்டும் சொன்னேன். என்னிடம் ஒரு சின்ன லொறி இருக்கிறது. ஒலுவில் துறைமுகத்திலும் கல்முனைக்குடிக் கரையிலும் மீனை ஏற்றி அம்பாறைச் சந்தைக்குக் கொண்டு போகிறது. என் சிங்களம் எல்லாம் அந்தச் சந்தையில் எடுத்ததுதான். எழுத வராது. ஆனால் எவனும் என்னைச் சிங்களத்தில் ஏமாற்ற முடியாது.

அறுவடைக் காலம். சம்மாந்துறை தாண்டும்போது றோட்டில் பாதியை மறித்து நெல் காயப் போட்டிருந்தார்கள். மற்றப் பாதியில் லொறியை மெல்ல விட்டுக்கொண்டு, “சொல்லுங்க மருமகன் பாப்பம், மேடையில சொல்ற மாதிரியே சொல்லுங்க” என்றேன்.

அவன் கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டு ஆரம்பித்தான். ஒரு முஸ்லிம் சிங்களத்தைப் பிழையாகக் கதைத்தால் எல்லாரும் சிரிப்பார்களாம். சரியாகக் கதைத்தால், எங்கே பயிற்சி எடுத்தாய், யார் பயிற்சி தந்தது என்று கேட்பார்களாம். எனக்குச் சிரிப்பு தொண்டை வரைக்கும் வந்தது. அதை விழுங்கிவிட்டு, வேண்டாம் என்றேன்.

அடுத்தது சோதனைச் சாவடி. எங்கே போகிறாய் என்று ஆமிக்காரன் கேட்கிறான். பகிடி சொல்லப் போகிறேன் என்கிறான் இவன். அப்படியென்றால் ஒன்று சொல்லு. சொல்கிறான். ஆமிக்காரன் சிரிக்கவில்லை. பெரியவரைக் கூப்பிடுகிறான். அவருக்கும் சொல்கிறான். அவரும் சிரிக்கவில்லை. ரேடியோவில் இன்னும் பெரியவரைக் கூப்பிடுகிறார்கள். “என்ட பகிடி முடிஞ்சும் ஒருத்தரும் எழும்பிப் போகாத ஒரே இடம் அதுதான், என்னையும் போக விடல்ல” என்று முடித்தான்.

அதுவும் வேண்டாம் என்றேன். மந்திரி ஒருவர் ஒரே கட்டிடத்துக்கு ஒவ்வொரு எலெக்சனுக்கும் அடிக்கல் நாட்டுகிறார், அந்தக் கற்களை அடுக்கினாலே கட்டிடம் முடிந்துவிடும் என்று ஒன்று இருந்தது. மந்திரிக்கு ஆட்கள் இருக்கிறார்கள், வேண்டாம் என்றேன். பள்ளிவாசல் நிருவாகத்தைப் பற்றி ஒன்று இருந்தது. நான் செத்தால் என் ஜனாஸாத் தொழுகை அங்கேதான் நடக்க வேண்டும், அதைத் தொடாதே என்றேன். பௌத்த பிக்கு ஹாமதுருவைப் பற்றி ஒன்றை ஆரம்பித்தான். முடிக்க விடவில்லை. கொழும்புக்காரர்கள் வெட்டியது போக மிச்சம் இருந்ததை எல்லாம் அம்பாறை வருவதற்குள் நான் வெட்டிவிட்டேன்.

அவன் என் பக்கம் திரும்பினான்.

“அப்ப நான் என்னத்த மாமா சொல்ற? மேடையில ஏறி ஸலாம் சொல்லிட்டு இறங்குறயா?”

“ஸலாமும் வேணாம்” என்றேன். “ஆயுபோவன் எண்டு சிங்களத்துல வணக்கம் சொல்லுங்க.”

அவன் சிரிப்பான் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. சட்டையில் லொறியின் மீன் வாடை ஏறிவிட்டதோ என்று முகர்ந்து பார்த்தான். இன்னும் ஒரு மணித்தியாலத்தில் மேடை. சொல்வதற்குக் கையில் ஒன்றும் இல்லை. அதைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது. நானே ஆளின் வலையை அறுத்துவிட்டு, மீன் படவில்லையே என்று கரையில் நின்று பார்க்கிற மாதிரி.

அப்போதுதான் சொன்னேன். “உங்கட மாமி பிரிட்ஜோட கதைக்கிறதச் சொல்லுங்களன். அதுக்கு எந்தப் பொலிசு வரப் போகுது?”

முதலில் அவன் தலையை ஆட்டி மறுத்தான். நான் விடவில்லை. பிரிட்ஜை ரிப்பேருக்குக் கொண்டு போன கிழமை அவள் குசினிக்குள் நின்று தவித்ததைச் சொன்னேன். வெறும் சுவரைப் பார்த்துக் கதைக்க வெட்கமாக இருக்கிறது என்று அவள் என்னிடம் சொன்னதைச் சொன்னேன். அவன் லேசாகச் சிரித்தான். அந்தச் சிரிப்பைக் கண்டதும் எனக்கு ஒரு ஆசை வந்துவிட்டது. ஒருவனைச் சிரிக்க வைப்பது அவ்வளவு ருசியான வேலை என்று எனக்கு அதுவரைக்கும் தெரியாது. அதற்குப் பிறகு, அவனுக்குத் தெரியாததையும் சொன்னேன்.

மருமகனிடம் எதையாவது புதிதாகக் கேட்க வேண்டுமென்றால் றம்லா முதலில் பின்னறையில் என்னைக் கதிரையில் இருத்துவாள். “நீங்க தம்பியா இரிங்க” என்பாள், மருமகனைத் தம்பி என்றுதான் அவள் சொல்வாள். பிறகு அலுமாரிப் பக்கம் திரும்பி நின்று, கேட்க வேண்டியதைக் கேட்பாள். சரியில்லை என்று திரும்பவும் கேட்பாள். குரல் கூடிப்போச்சா, மரியாதை குறைஞ்சி போச்சா, தம்பி மனதில் ஏதும் நினைப்பாரா என்று என்னைக் கேட்பாள். நான் மருமகன் மாதிரிக் குரலைத் தாழ்த்திப் பதில் சொன்னால் உண்மையாகவே வெட்கப்பட்டு முகத்தை மூடிக்கொள்வாள். என்னோடு நாற்பது வருசம் குடும்பம் நடத்தியவள். அந்த நேரத்தில் அவளைப் பார்க்க எனக்கு அவ்வளவு பிரியமாக இருக்கும்.

அதை நான் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு அவளுடைய குரலில் நடித்துக் காட்டினேன். றாஸிக் சிரித்த சிரிப்பில் முன்கண்ணாடியில் முட்டப் பார்த்தான். கண்ணைத் துடைத்துக்கொண்டு, “இதச் சொல்லலாமா மாமா? மாமிக்குத் தெரிஞ்சா?” என்று கேட்டான்.

“அவளுக்குச் சிங்களம் தெரியாது” என்றேன்.

மண்டபம் நிறைந்திருந்தது. கடைசி வரிசையில் முடியை ஒட்ட வெட்டிய இரண்டு பேர் சாதாரண உடுப்பில் இருந்தார்கள். அவர்கள் யார் என்று அங்கே தெரியாதவர்கள் இல்லை. நான் அவர்களுக்கு ஒரு வரிசை முன்னால் இருந்தேன். பின்னால் ஏதாவது அசைந்தால் எனக்குக் கேட்கட்டும் என்று.

றாஸிக் மேடைக்கு வந்தான். கொஞ்ச நேரம் பெண் வீட்டுக்கு வந்த மாப்பிள்ளை படுகிற பாட்டைச் சொன்னான். பிறகு பிரிட்ஜைக் கொண்டு வந்தான். ஒரு கதிரையை இழுத்துப் போட்டு அதில் என்னை இருத்தினான். நான் இல்லாத வெறும் கதிரைதான், ஆனால் நான் இருக்கிற மாதிரியே இருந்தது. றம்லாவாக மாறி அலுமாரியைப் பார்த்துக் கேட்டான். லொறியில் நான் செய்து காட்டிய றம்லாவை அவன் அப்படியே சிங்களத்தில் செய்தான். சனம் விழுந்து விழுந்து சிரித்தது. எனக்குப் பக்கத்தில் இருந்த சிங்களப் பொம்பிளை தன் புருசனின் தோளில் அடித்துச் சிரித்தாள். பின்னால் இருந்த இரண்டு பேரும் சிரிக்கிற சத்தம் எனக்குக் கேட்டது. அது கேட்டதும் எனக்கு நெஞ்சில் இருந்த பாரம் இறங்கிவிட்டது. நானும் சிரித்தேன். எல்லாரையும் விடக் கூடுதலாக. பக்கத்து ஆள் திரும்பி, தெரிந்தவரா என்று கேட்டபோது, என் மருமகன் என்று சத்தமாகச் சொன்னேன்.

முடிந்த பிறகு அந்த இரண்டு பேரில் ஒருவர் வந்து றாஸிக்கின் கையைப் பிடித்துக் குலுக்கினார். இந்த மாதிரி நல்ல பகிடி சொன்னால் யாருக்கும் பிரச்சினை இல்லை என்று சொல்லிவிட்டுப் போனார். திரும்பும் வழியில் நான் ஒரு சட்டி எருமைத் தயிர் வாங்கினேன். வீட்டில் றம்லா அதைத் திறந்து வைத்துவிட்டு, பிரிட்ஜைப் பார்த்து, “தம்பிக்குத் தயிருல ஊத்தப் பாணியும் இரிக்கி” என்றாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. என்ன சிரிக்கிறீர்கள் என்று கேட்டாள். ஒன்றும் இல்லை என்றேன்.

யாரோ ஒருவன் அந்தப் பகிடியைப் போனில் படம் பிடித்துப் போட்டிருக்கிறான். வேறு ஒருவன் படத்துக்குக் கீழே அதைத் தமிழில் எழுதிப் போட்டிருக்கிறான். இது எதுவும் எனக்குத் தெரியாது. என் போனில் படம் வராது. நான் வேண்டுமென்றுதான் அப்படி ஒரு போனை வைத்திருக்கிறேன்.

கல்முனைக்குடியில் எங்களுக்குச் சொந்தக்காரியான ஸம்றாவின் மகளுக்குக் கலியாணம். நான் ஆண்கள் பக்கம் இருந்தேன். பெண்கள் பக்கம் நடந்ததை ஆகிலா பிறகு அழுதுகொண்டு சொன்னாள். றம்லா குடிக்கத் தண்ணீர் கேட்டிருக்கிறாள். ஒருத்தி உடனே திரும்பி, அங்கே நின்ற ஐஸ்கிறீம் பெட்டியைப் பார்த்து, “றம்லா ராத்தாக்குத் தண்ணி வேணுமாம்” என்றிருக்கிறாள். எல்லாரும் சிரித்திருக்கிறார்கள். என்ன ஏதென்று விளங்காமல் றம்லாவும் அவர்களோடு சேர்ந்து சிரித்திருக்கிறாள். இன்னொருத்தி அவளுக்கு ஒரு கதிரையை இழுத்துப் போட்டு, “இரிங்க, இதுல உங்கட தம்பி இரிக்காராக்கும், மெல்லமா இரிங்க” என்றிருக்கிறாள். அதற்கும் சிரித்துக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். கடைசியில் ஸம்றாதான் பாவம் பார்த்து அவளை ஒரு பக்கம் கூட்டிப் போய்ப் போனைக் காட்டியிருக்கிறாள். றம்லாவுக்கு எழுத்துக் கூட்டித்தான் வாசிக்க வரும். படத்தை நிற்பாட்டி நிற்பாட்டி, கீழே எழுதியிருந்ததை முழுக்க வாசித்திருக்கிறாள். பந்தியில் இருக்காமல் ஆட்டோ பிடித்து வீட்டுக்கு வந்துவிட்டாள்.

நான் வந்தபோது அவள் உடுப்பு மாற்றாமல் கட்டிலில் இருந்தாள். சோறு வேண்டுமா என்று கேட்டாள். கலியாணத்தில் தின்றேன் என்றேன்.

அடுத்த நாள் மத்தியானம் றாஸிக் சாப்பாட்டு மேசையில் வந்து இருந்தான். வந்ததைத் தெரிவிக்க வழமை போல இருமினான். குசினியில் சட்டி வைக்கிற சத்தம் கேட்டது. குரல் வரவில்லை. திரும்பவும் இருமினான். ஆகிலா வந்து சோற்றுக் கோப்பையை அவனுக்கு முன்னால் வைத்துவிட்டுப் போனாள். அவன் அன்றைக்குத் தின்னவில்லை. அதற்குப் பிறகு வந்த நாட்களிலும் இதுதான். றம்லா பிரிட்ஜுக்குப் பக்கமே போகவில்லை. அதில் இருந்து மீனை எடுக்கக்கூட ஆகிலாவை அனுப்பினாள்.

மகளும் மருமகனும் சண்டை பிடித்த அன்றைக்கு நான் பின்னறையில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தேன். இரண்டு சுவருக்கு இந்தப் பக்கம் எல்லாம் கேட்டது. பிரிட்ஜ் விசயம் உங்களுக்குத் தெரியும், சரி, கதிரை விசயத்தை யார் சொன்னது என்று ஆகிலா கேட்டாள். ஒருவரும் சொல்லவில்லை, நானாகக் கட்டிச் சேர்த்தது என்றான் றாஸிக். அவள் நம்பிவிட்டாள்.

“எங்கட உம்மாவ வித்துப்போட்டீங்க” என்றாள். “நாலு சிங்களவன் கைதட்டுறதுக்கு வித்துப்போட்டீங்க.”

நான் எழும்பிப் போயிருக்க வேண்டும். கோப்பையை வைத்துவிட்டு அந்தப் பக்கம் போவதற்கு எட்டி நடக்கிற தூரம்கூட இல்லை. புருசன் பெண்சாதி சண்டையில் வாப்பா தலையிடக்கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு இருந்தேன். ஆறிப்போன தேத்தண்ணியை முழுக்கக் குடித்தேன். பக்கத்தில் றம்லா உள்ளி உரித்துக்கொண்டிருந்தாள். அவளும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். என்னை ஒரு தரம் பார்த்தாள். பிறகு உள்ளியைப் பார்த்தாள்.

அந்தப் பார்வையை நான் வேறு விதமாக எடுத்துக்கொண்டேன். மருமகன் மேல் உள்ள கோபம் என்று நினைத்தேன். அப்படி நினைப்பது எனக்கு வசதியாக இருந்தது. ஆகிலா அறைக் கதவைப் பூட்டிக்கொண்டாள். றாஸிக் வீட்டு முன் மண்டபத்தில் பாயைப் போட்டுப் படுத்தான். காலையில் அவன் கடைக்குப் போகும்போது கேற்றடியில் என்னைக் கண்டால் வழமை போல ஸலாம் சொன்னான். நான் பதில் சொன்னேன். அவ்வளவுதான்.

பிறகு ஒரு நாள் நான் லொறியைக் கழுவிக்கொண்டிருந்தபோது என்னிடம் வந்தான். கொழும்பில் ஒரு ரீவிக்காரர் பேசினாராம். அந்த மாமி பகிடியை ரீவியில் செய்யச் சொன்னாராம். வேறு ஒன்றும் வேண்டாமாம், அது மட்டும்தான் வேண்டுமாம், தொடர்ந்து செய்யலாமாம். நான் ஹோஸைப் பிடித்தபடி நின்றேன். என்ன சொன்னீர்கள் என்று கேட்டேன். மாட்டேன் என்று சொல்லிவிட்டேன் மாமா, என்றான்.

அதற்குப் பிறகுதான் அவன் கையில் இருந்த பையைப் பார்த்தேன். கொஞ்ச நாளைக்கு மருதமுனையில் உம்மா வீட்டில் போய் இருக்கப் போகிறேன் என்றான். எங்கள் ஊரில் கொஞ்ச நாள் என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். பெண் வீட்டில் வந்து இருந்தவனின் பை கேற்றைத் தாண்டினால், பிறகு அது திரும்பி வருவதற்கு இரண்டு பக்கத்துப் பெரியவர்களும் கூட வேண்டும். கூடினாலும் வராமல் போன பைகளை நான் கண்டிருக்கிறேன்.

“நான்தான் சொன்ன எண்டு ஏன் நீங்க ஆகிலாக்கிட்டச் சொல்லல்ல?” என்றேன்.

அவன் பையை மற்றக் கைக்கு மாற்றினான். “சொன்னா மாமி உங்களோட எப்பிடி மாமா இரிக்கிற? எனக்கெண்டா திரும்பிப் போக உம்மாட வீடு ஒண்டு இரிக்கி. உங்களுக்கு எங்க இரிக்கி?”

அது உண்மைதான். வீடு மகளுடையது. அதற்கு முன்னால் அது றம்லாவுடையது. ஆணுக்கு இங்கே சொந்தமாக ஒரு கூரை இல்லை. எனக்கு உம்மாவும் இல்லை. அவன் அதை யோசித்திருக்கிறான். என்னை வெளியே போட்டுவிடுவார்கள் என்று பயந்து தான் வெளியே போகிறான். எந்த மனிதனையும் ஐஸுக்குக் கீழே கை விட்டுப் பார்க்கிற நான், இவனைப் பார்க்கவில்லை.

கொஞ்சம் நில்லுங்க என்று அவனிடம் சொல்லிவிட்டு ஹோஸைப் போட்டுவிட்டுக் குசினிக்குள் போனேன். சாரத்தில் தண்ணீர் சொட்டியது. றம்லா குந்தியிருந்து பாரைக்குட்டி வெட்டிக்கொண்டிருந்தாள். ஆகிலா அடுப்படியில் நின்றாள். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. எனக்கு வளைத்துக் கதைக்க வராது. கதிரை விசயத்தைச் சொன்னது நான்தான் என்றேன். லொறியில் வைத்துச் சொன்னேன், அவளுடைய குரலில் நடித்தும் காட்டினேன், அவன் வேண்டாம் என்றுதான் நின்றான், மாமிக்குத் தெரிந்தால் என்ன செய்வது என்றும் கேட்டான், அவளுக்குச் சிங்களம் தெரியாது என்று நான்தான் சொன்னேன் என்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன்.

ஆகிலா கையில் இருந்த அகப்பையோடு அப்படியே நின்றாள். றம்லா மீனின் செவுளை இழுத்து எடுத்தாள்.

“தெரியும்” என்றாள்.

“எப்ப தெரியும்?”

“கலியாண ஊட்ட வெச்சே தெரியும். அந்த அறைக்குள்ள நீங்களும் நானும்தானே இருந்த. மூணாவது ஆளு யாரு?”

ஆகிலாவுக்குக் குரல் உடைந்தது. அப்படியென்றால் ஏன் உம்மா இவ்வளவு நாளும் சொல்லாமல் இருந்தாய், அவரை என்ன பாடுபடுத்தினேன் என்று கேட்டாள்.

“இவர் எப்ப வாயத் திறப்பார் எண்டு பாத்துக்கிட்டு இருந்தன்” என்றாள் றம்லா. “புள்ளட குடும்பம் உடையிற வரைக்கும் இரிப்பாரா, அதுக்கு முன்னுக்குத் திறப்பாரா எண்டு பாத்தன்.”

ஆகிலா அகப்பையை வைத்துவிட்டு வெளியே ஓடினாள். கேற்றடியில் அவர்கள் என்ன கதைத்தார்கள் என்று எனக்குத் தெரியாது. கொஞ்ச நேரத்தில் முன் மண்டபத்துக்குள் பையை வைக்கிற சத்தம் கேட்டது. அறைக் கதவு திறந்தது. நான் குசினியில் நின்றுகொண்டே இருந்தேன். இன்னும் ஏதாவது சொல்ல வேண்டும் போல இருந்தது. மன்னித்துக்கொள் என்று சொல்ல வாய் எடுத்தேன். அவள், தண்ணி சொட்டுது, வெளியே போய்ச் சாரத்தை மாத்துங்க என்றாள்.

அந்த மாதக் கடைசியில் கொழும்பில் ஒரு சின்ன மேடைக்கு றாஸிக்கைக் கூப்பிட்டார்கள். ரீவி இல்லை. ஒரு அறையில் கொஞ்சப் பேருக்கு முன்னால். எழுதித் தரச் சொல்லவில்லையாம், ஆனால் ஏதும் வந்தால் நாங்கள் பொறுப்பில்லை என்று சொன்னார்களாம். மாமி பகிடியை இனிச் சொல்வதில்லை என்று அவன் ஆகிலாவுக்கு வாக்குக் கொடுத்திருந்தான். அது இல்லையென்றால் அவனிடம் மிச்சம் இருப்பது எது என்று எனக்குத் தெரியும். நான் லொறியில் வைத்து வெட்டியவைதான். ஆகிலா தானும் கூடப் போகிறேன் என்றாள். ஏதும் நடந்தால் பக்கத்தில் ஆள் இருக்க வேண்டும் என்றாள். அதைச் சொல்லும்போது அவள் என்னைப் பார்க்கவில்லை.

காலையில் இருவரையும் கல்முனை பஸ் நிலையத்தில் இறக்கினேன். பையை நானே தூக்கி ஏற்றினேன். பஸ் கிளம்ப நேரம் இருந்தது. றாஸிக் ஜன்னலால் தலையை நீட்டினான். என் வாய் துடித்துக்கொண்டிருந்தது. சோதனைச் சாவடியைச் சொல்லப் போகிறாயா, ஹாமதுருவைச் சொல்லப் போகிறாயா என்று கேட்க வேண்டும். கேட்டால் ஒன்றிரண்டையாவது நிற்பாட்டலாம். ஸிராஜ் பின்பக்கம் போய் நிற்பது கண்ணுக்குள் வந்தது.

“கேளுங்களன் மாமா” என்றான் அவன்.

“வேணாம்” என்றேன். “தெரிஞ்சா வெட்டுவன்.”

பஸ் போய்விட்டது. லொறியை எடுத்துக்கொண்டு ஒலுவிலுக்குப் போக வேண்டிய நான், மீனுக்குப் போகாமல் வீட்டுக்குத் திரும்பி வந்தேன். நான் செய்தது சரியா என்று எனக்கு விளங்கவில்லை. அவனுடைய வாயை அவனிடமே கொடுத்துவிட்டேன் என்று ஒரு பக்கம் தோன்றியது. என்னுடைய குற்றத்தைக் கழுவுவதற்காக மகளையும் மருமகனையும் பொலிசுக்கு அனுப்பிவிட்டேன் என்று மறு பக்கம் தோன்றியது.

றம்லா கிணற்றடியில் பாய் கழுவிக்கொண்டிருந்தாள். நான் கிணற்றுக் கட்டருகில் நின்றேன். போய்ச் சேர எத்தனை மணியாகும் என்று கேட்டாள். சொன்னேன். எப்போது மேடை என்று கேட்டாள். அதையும் சொன்னேன். அவள் வாளியைக் கிணற்றுக்குள் விட்டாள்.

“பயமா இரிக்கா?” என்றாள்.

“ஓம்.”

வாளி நிரம்பியது. அவள் இழுத்து எடுத்தாள். நான் பிடிக்கப் போனேன். விடவில்லை.

“லொறிக்குள்ள வெச்சி என்னப் பத்திச் சொன்னீங்களே, அண்டைக்கு உங்களுக்குப் பயம் ஏதும் இருந்திச்சா?”

யோசித்துப் பார்த்தேன். பொய் சொல்லலாமா என்றும் யோசித்தேன்.

“இல்ல” என்றேன்.

அவள் தலையை ஆட்டிக்கொண்டு, தண்ணீரைப் பாயில் ஊற்றித் தேய்க்கத் தொடங்கினாள்.